செம்பூர் தொலைந்த கதை

மும்பைத் தமிழர் குறித்த ஆய்வுக் குறிப்புகளைத் தாணேயிலிருந்து ஒரு சிறு இணையத்தளமாகத் தொகுத்து வருகிறேன். ஊர்ப்பெயர் வருமிடமெல்லாம் அதற்குப் பதிலாக, தொட்டால் வரைபடம் திறக்கும் பொத்தான் ஒன்றை வைப்பது திட்டம். தாராவியும் மாட்டுங்காவும் ஒழுங்காகப் பொத்தான்களாயின. செம்பூரோ பல இடங்களில் வெறும் சொல்லாகவே கிடந்தது. பொத்தான்களை எண்ணிப் பார்த்து, செம்பூரைப் பற்றிய பேச்சு குறைவு என்று ஓர் அத்தியாயத்தில் எழுதியும் விட்டேன்.

உரையில் ஒரு வடிவத்தைத் தேடும் முறைக்குக் கணித அடிப்படை இட்டவர் ஸ்டீபன் கிளீனி. அவரது கட்டுரை 1956இல் அச்சேறியது. 1968இல் கென் தாம்சன் அதனைத் தேடும் கருவியாக்கினார். 2013இல் ரியாக்ட் பொதுவெளிக்கு வந்தது. உரையைப் பொருந்திய இடத்தில் வெட்டி, அத்துண்டுக்கு மாற்றாக இடைமுகக் கூறொன்றை வைப்பது இன்று அதில் அன்றாட வேலை. ஆயினும் ஜாவாஸ்கிரிப்டின் சொல்லெல்லைக் குறி ரோமன் எழுத்துகளையும் எண்களையும் அடிக்கோட்டையும் மட்டுமே சொல்லின் உறுப்பாக அறியும்.

தமிழின் சிக்கல் இதனினும் ஆழமானது. 1991இல் வெளிவந்த யூனிகோடு, இந்திய அரசின் 1988ஆம் ஆண்டு இஸ்கி முறையைத் தழுவி, அகரமேறிய மெய்யை அடிப்படையாக்கிப் புள்ளியையும் உயிர்க்குறிகளையும் அதன்பின் ஒட்டியது. தொல்காப்பிய மரபிலோ புள்ளி பெற்ற மெய்தான் முதல்; உயிர் அதன்மேல் ஏறும். கணினி இதைத் தலைகீழாக்கிற்று. எனவே 'செம்பூர்' என்பதன் ஈற்றுப்புள்ளி 'செம்பூரில்' என்பதில் இல்லை, தேடல் தோற்கிறது. தாராவியும் மாட்டுங்காவும் உயிரீறு. உடம்படுமெய் பெற்றுத் 'தாராவியில்', 'மாட்டுங்காவில்' என முழுமையாகவே நிற்கின்றன. புணர்ச்சி இலக்கணம் படித்த எனக்கு இது முன்பே தோன்றியிருக்க வேண்டும்!

புள்ளியை நீக்கிச் 'செம்பூர' என்று தேடினேன். பொத்தான் வந்தது, ஆனால் வெட்டுண்ட இகரக்குறி வெளியே புள்ளிவட்டத்தோடு அநாதையாய் நின்றது. 2010இல் தமிழக அரசு ஏற்ற டேஸ் 16 குறியாக்கத்தில் ஒவ்வோர் உயிர்மெய்க்கும் தனி எண் உண்டு. அங்கே எழுத்து இவ்வாறு பிளவுறாது. ஆயினும் 'ர்' வேறு, 'ரி' வேறு என்பதால் செம்பூர் அங்கும் அகப்படாது.

2018ஆம் ஆண்டின் ஜாவாஸ்கிரிப்ட் தரம் எழுத்து, சார்புக்குறி என்னும் வகைகளைக் கொண்டு தேட வழிசெய்தது. 'செம்பூர' என்பதைத் தொடரும் எழுத்துகளையும் குறிகளையும் சொல் முடியும்வரை சேர்த்துப் பிடித்து, முழுச்சொல்லையும் பொத்தானுக்குள் வைத்தேன். செம்பூர் திரும்பிவிட்டது. அத்தியாயத்திலிருந்த அந்த வாக்கியத்தை நீக்கிவிட்டு, மாஹிம், முலுண்ட் முதலிய மெய்யீற்றுப் பெயர்களை இப்போது மறுபடி எண்ணிக்கொண்டிருக்கிறேன்.