பால் கேனில் வந்த குருதி

சில மாதங்களுக்கு முன்பு ஓர் இரவு, உணவு முடிந்த வேளையில் என் தாயார் என்னிடம் கேட்டார்: "நான் தினமும் விழுங்குவது எலி மருந்தாமே, உண்மையா ஐயா?"

யாரோ தெரிந்தவர் சொல்லியிருக்கிறார். அதைக் கேட்ட நாள்முதல் அம்மா மாத்திரையை விழுங்கவில்லை. தலையணை உறைக்குள் நான்கு மாத்திரைகள் இருந்தன. மறுநாள் காலையிலேயே அவரை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றேன். குருதிப் பரிசோதனைக்குப் பின், மருத்துவர் கூறியபடி மாத்திரையை மீண்டும் தொடங்கினார். அந்த நான்கு நாள்களில் ஒன்றும் நேராதது எங்கள் நற்பேறு.

அம்மாவின் இதயம் சீராகத் துடிப்பதில்லை. சிறுவயதில் தோட்டப்புறத்தில் வந்த வாதக் காய்ச்சல் இதய வால்வு ஒன்றைச் சுருக்கிவிட்டது. முதுமையில் இதயத்தின் மேலறைகள் துடிப்பதற்குப் பதிலாக நடுங்கத் தொடங்கின. நடுங்கும் அறையில் குருதி தேங்கும்; தேங்கினால் உறையும். அந்தக் கட்டி மூளைக்குச் சென்று குழாயை அடைத்தால் பக்கவாதம். இதைத் தடுக்கத்தான் வார்ஃபரின் மாத்திரை.

"எலி மருந்தெல்லாம் இல்லை அம்மா" என்று சொல்லி முடித்திருக்கலாம். ஆனால், சொன்னவர் பொய் சொல்லவில்லையே! நான்காம் ஆண்டு மாணவர்களுக்கு வரலாறு கற்பிப்பவன், வீட்டில் மட்டும் வரலாற்றை மறைக்கலாமா? ஆகவே முழுக் கதையையும் கூறினேன். அது எலியில் தொடங்கவில்லை, மாட்டில் தொடங்குகிறது.

1920களில் கனடாவிலும் அமெரிக்காவின் வட மாநிலங்களிலும் மாடுகள் காரணமின்றிக் குருதி கசிந்து இறந்தன. கொம்பு சீவினாலோ காயடித்தாலோ அந்தச் சிறு புண்ணே உயிரைக் குடித்தது. பிராங்க் ஸ்கோஃபீல்டு என்னும் கால்நடை மருத்துவர், 'சுவீட் குளோவர்' என்னும் தீவனப் பயிரின் வைக்கோலை ஐயுற்றார். ஒரே குவியலிலிருந்து நல்ல தண்டுகளையும் பூஞ்சணம் பிடித்த தண்டுகளையும் பிரித்து, இரண்டு முயல்களுக்குத் தனித்தனியே கொடுத்தார். பூஞ்சணத் தண்டு தின்ற முயல் இறந்தது. எவ்வளவு எளிய சோதனை! நம் அறிவியல் அறையில்கூட இப்படித்தானே ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்கச் சொல்கிறோம்.

கெட்ட வைக்கோலை எறிந்துவிட்டால் தீர்ந்தது. ஆனால், பஞ்ச காலத்தில் ஏழை விவசாயி வேறு தீவனத்துக்கு எங்கே போவான்? 1933ஆம் ஆண்டு பிப்ரவரியில், எட் கார்ல்சன் என்ற விவசாயி விஸ்கான்சின் மாநிலத்தின் டீர் பார்க்கிலிருந்து பனிப்புயலில் ஏறத்தாழ 300 கிலோமீட்டர் வண்டி ஓட்டி மேடிசன் நகருக்கு வந்தார். வண்டியில் இறந்த கிடாரி ஒன்று, ஒரு மூட்டை கெட்ட வைக்கோல், பால் கேன் நிறைய மாட்டின் குருதி. அது சனிக்கிழமை, கால்நடை அலுவலகம் மூடிக் கிடந்தது. பல்கலைக்கழகத்தில் திறந்திருந்த ஒரு கதவுக்குள் நுழைந்தார். உள்ளே வேதியியலாளர் கார்ல் பால் லிங்க் இருந்தார். கேனில் இருந்த குருதி உறையவே இல்லை.

லிங்கால் அன்று தர முடிந்தது இரண்டே அறிவுரைகள்: அந்த வைக்கோலைப் போடாதீர்கள்; முடிந்தால் நலமான மாட்டின் குருதியை ஏற்றுங்கள். கார்ல்சன் திரும்பிச் சென்றார். லிங்கும் அவர்தம் குழுவினரும் ஆறு ஆண்டுகள் உழைத்து, 1939இல் அந்தப் பொருளைப் படிகமாகப் பிரித்தெடுத்தனர். அதுவே டைகுமரால். பசும் பயிரில் இருக்கும் தீங்கற்ற நறுமணப் பொருளைப் பூஞ்சணம் இப்படி மாற்றியிருந்தது.

எலி பின்னர்தான் வருகிறது. 1945இல் காசநோயால் படுத்திருந்த லிங்க், எலி ஒழிப்பு பற்றிப் படித்தார். தம் குழு உருவாக்கியிருந்த இதே குடும்பத்துப் பொருள்களின் பட்டியலில் 42ஆம் எண்ணைத் தேர்ந்தார். 1948இல் அது வார்ஃபரின் என்ற பெயரில் எலி மருந்தாக விற்பனைக்கு வந்தது. ஆய்வுக்குப் பணம் தந்த விஸ்கான்சின் பழைய மாணவர் ஆய்வு அறக்கட்டளையின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளே அப்பெயரின் முற்பாதி.

1951இல் அமெரிக்கப் படையில் சேர்ந்த ஓர் இளைஞர் உயிரை விட எண்ணி, அந்த எலி மருந்தைப் பல நாள்கள் தின்றார். மருத்துவமனையில் வைட்டமின் கே கொடுத்தும் குருதி ஏற்றியும் அவரைக் காப்பாற்றிவிட்டனர். மாற்று மருந்து உண்டென்பது மருத்துவர்களுக்குத் துணிவு தந்தது. 1954இல் மனிதருக்கான மருந்தாக வார்ஃபரின் ஏற்கப்பட்டது. மறு ஆண்டு மாரடைப்பு வந்த அமெரிக்க அதிபர் ஐசனோவருக்கும் அதையே கொடுத்தனர்.

மேலறை நடுக்கத்துக்கும் பக்கவாதத்துக்கும் உள்ள உறவு எண்களாகத் தெளிந்தது பின்னரே. 1978இல் வெளிவந்த பிரேமிங்காம் ஆய்வின்படி, நடுக்கம் மட்டும் உள்ளோருக்குப் பக்கவாத வாய்ப்பு 5 மடங்குக்கு மேல். அம்மாவைப்போல் வாதக் காய்ச்சலால் வால்வும் கெட்டவர்களுக்கோ 17 மடங்குக்கு மேல். 1989 முதல் வந்த ஆய்வுகள், வால்வுக் கோளாறு இல்லாதோரின் பக்கவாதத்தை வார்ஃபரின் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு குறைப்பதைக் காட்டின. 2010க்குப் பிறகு டபிகாட்ரான் போன்ற புதிய மருந்துகள் வந்து பலரை அடிக்கடி குருதி சோதிக்கும் தொல்லையிலிருந்து விடுவித்தன. அம்மாவைப்போல் வால்வு மிகவும் சுருங்கியவர்களுக்கு இன்றும் வார்ஃபரின்தான்.

"அப்படியானால் எலிக்கும் எனக்கும் என்ன வேறுபாடு?" என்றார் அம்மா.

"எலியின் குருதியை யாரும் சோதிப்பதில்லை அம்மா" என்றேன். அவருடைய சிறு புத்தகத்தை எடுத்துக் காட்டினேன். ஐ.என்.ஆர். எண் 2க்கும் 3க்கும் இடையில் நிற்க வேண்டும். குறைந்தால் குருதி உறையும், கூடினால் கசியும். இரண்டு முறை 3ஐத் தாண்டியபோது மருத்துவர் அளவைக் குறைத்திருந்தார். முருங்கைக்கீரையை ஒரு வாரம் அள்ளி உண்டு மறுவாரம் அடியோடு விடக்கூடாதென்று தாதியர் சொன்னதன் காரணமும் அப்போதுதான் அவருக்கு விளங்கியது. கீரையில் இருப்பதும் அந்த இளைஞரைக் காப்பாற்றிய அதே வைட்டமின் கே.

அம்மா நெடுநேரம் பேசவில்லை. தோட்டத்தில் இரண்டு பசுக்களை வளர்த்து எங்களைப் படிக்கவைத்தவர் அவர். பிறகு மெல்லக் கேட்டார்: "அந்தப் பனியில் 300 கிலோமீட்டரா? பாவம், எத்தனை மாடு செத்ததோ அவருக்கு."

மாத்திரையை எடுத்துத் தண்ணீரோடு விழுங்கினார்.