ஊவாவின் வாசனைக்கு விலை சொன்னவர்கள்

ஆடி பிறந்தால் இலங்கையின் ஊவா மாகாணத்து அப்புத்தளையில் காற்றின் குணமே மாறிவிடும். தென்மேற்குப் பருவக்காற்று மழையையெல்லாம் மேற்குச் சரிவுகளில் கொட்டிவிட்டு, மலை தாண்டி வறண்ட கச்சான் காற்றாக ஊவாவில் இறங்கும். ஈரம் குறைந்து தேயிலைச் செடியின் வளர்ச்சி தளரும். இலையில் மணப்பொருள்கள் திரளும். அவற்றுள் ஒன்று மெதைல் சாலிசிலேட். தசைவலித் தைலத்தைத் திறந்ததும் மூக்கில் ஏறும் அதே வாசம். ஜூலை முதல் செப்டம்பர் வரை கிடைக்கும் இந்த மணத்துக்காகத்தான் ஊவாத் தேயிலையைத் தேடி வாங்குகிறார்கள்.

1869இல் இலைத்துரு நோய் பரவி இலங்கைக் கோப்பி அழியத் தொடங்கியது. மலைகள் தேயிலைக்கு மாறின. 1883 ஜூலை 30 அன்று கொழும்பில் சாமர்வில் நிறுவனத்தில் முதல் தேயிலை ஏலம் நடந்தது. 1890இல் தேயிலை வணிகர் தாமஸ் லிப்டன் வந்து தம்பேதன்னைத் தோட்டத்தை வாங்கினார். அவர் கட்டிய ஸ்டோர், அதாவது தேயிலைத் தொழிற்சாலை, இன்றும் அங்கே நிற்கிறது. 1893இல் ரயில் அப்புத்தளையை எட்டியதும் தேயிலைப் பெட்டிகள் கொழும்புக்கு இறங்குவது எளிதாயிற்று.

அங்கே காத்திருந்தவர், தேயிலையைச் சுவைத்து விலை சொல்லும் சுவைஞர். நீண்ட மேசையில் கோப்பைகள் வரிசையாக நிற்கும். எல்லாவற்றிலும் ஒரே எடைத் தூள், ஒரே அளவு கொதிநீர், ஊறவும் ஒரே நேரம். சுவைஞர் ஒரு கரண்டி தேநீர்ச் சாயத்தை ஓசையெழ உறிஞ்சுவார், வாயில் சுழற்றுவார், துப்பிவிட்டு அடுத்த கோப்பைக்கு நகர்வார். அந்த ஓசை அநாகரிகம் அல்ல, தேவை. உறிஞ்சும் வேகத்தில் சாயம் நுண்துளிகளாகச் சிதறி, மணம் வாயின் பின்வழியாக மூக்கை அடைகிறது. நாம் ருசி என்று நம்புவதில் பெரும்பங்கு இப்படி உள்ளிருந்து முகரப்படும் வாசனைதான். மூக்கடைத்த சளிக்காலத்தில் தேநீர் சப்பென்றிருப்பதும் அதனால்தான். மூக்குக்கு இப்படி இரண்டு வாசல்கள் இருப்பதை உளவியலாளர் பால் ரோசின் 1982இல் விரிவாக விளக்கினார். தேயிலைக்காரர்களின் கரண்டி அதை வெகுகாலம் முன்பே பயன்படுத்திவிட்டது.

துவர்ப்பின் கதை வேறு. தேயிலையின் பாலிபீனால்கள் உமிழ்நீர்ப் புரதங்களைப் பற்றிக்கொள்ள, வாயின் வழுவழுப்புப் போய்விடுகிறது. வாய் உலர்ந்து சொரசொரப்பாக உணர்வது பெருமளவு தொடுஉணர்வு. சாயத்தின் நிறத்துக்குக் கண், மணத்துக்கு மூக்கு, துவர்ப்புக்கு நாவின் தொடுகை என்று எல்லாம் சேர்ந்த தீர்ப்பையே சுவைஞர் விலையாகச் சொன்னார். கோப்பைகளை அடுத்தடுத்து வைத்ததிலும் காரணம் உண்டு. மனிதப் புலன் தனி அளவை நினைவில் வைப்பதைவிட, பக்கத்தில் உள்ளதோடு ஒப்பிட்டு வேறுபாட்டைப் பிடிப்பதில் கெட்டி.

ஆனால் புலன்களின் வேலை கொழும்பு மேசையில் தொடங்கவில்லை. பனிமூட்டத்தில் எதிர்நிரை கண்ணுக்குத் தெரியாத காலையிலும், கொழுந்தெடுக்கும் பெண்ணின் விரல்கள் இரண்டு இலையும் ஒரு மொட்டும் எங்கே ஒடியும், எங்கே முற்றல் என்று தொட்டே அறியும். ஸ்டோரின் மேல்மாடியில் வாட்டம் போதுமா என்பதைக் கைப்பிடி இலையை இறுக்கிப் பார்த்தே தீர்மானித்தார்கள். உருட்டிய இலையில் பச்சை வாடை போய்ப் பழ வாசம் எழும் தருணத்தைப் பிடித்தவை பழகிய மூக்குகள். அது பிசகினால் அந்த இலையின் தரம் கெட்டுவிடும். சுவைஞரின் நாக்குக்குச் சற்றும் குறையாத நுட்பம் இது. பழக்கத்தால் வந்தது என்று ஒதுக்கிவிட முடியாது. சுவைஞரின் திறமையும் பழக்கத்தால் வந்ததுதானே.

சுவைஞரின் அறிவுக்குத் தனிச் சொற்களும் பயிற்சியும் பதவியும் அமைந்தன. ஏல அட்டவணையில் தோட்டத்தின் பெயர் அச்சானது, தூளின் ரகமும் அச்சானது. விரல்களின் அறிவுக்கு அந்தத் தாளில் இடமில்லை. அப்புத்தளை மலைகளில் இன்றும் மாலையில் தராசு கேட்பது கொழுந்தின் கிலோவை; நாட்சம்பளம் முழுதாகக் கிடைப்பதும் அந்த எடையைப் பொறுத்தே. அரும்பு அரும்பாகப் பார்த்தெடுத்த கொழுந்தும் அவசரத்தில் பறித்த கொழுந்தும் அந்தத் தராசில் ஒரே கணக்கு.