மல்லைப் பாறையில் ஒரு பொய்த்தவம்

முட்டுக்காட்டு உப்பங்கழியைக் கடந்து, கடலோரமாகத் தெற்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் சென்றால் மாமல்லபுரம். அங்கே கி.பி. 7ஆம் நூற்றாண்டில் பல்லவச் சிற்பிகள் செதுக்கிய பெரும் புடைப்புச் சிற்பத் தொகுதியில் தேவரும் முனிவரும் நாகரும் வேடரும் நிறைந்துள்ளனர். அவர்களிடையே, பெரிய யானையின் அருகே ஒரு பூனையும் நிற்கிறது. பின்னங்கால்களை ஊன்றி, முன்னங்கால்களைத் தலைக்கு மேல் உயர்த்தித் தவம் இயற்றுகிறது. அதன் காலடியில் எலிகள் அச்சமின்றிச் சூழ்ந்துள்ளன.

சூழ்ச்சி மிக்க விலங்குகளின் கதைச் சித்திரங்கள் என்றதும் ஏடுகளே நம் நினைவுக்கு வரும். பஞ்சதந்திரம் 6ஆம் நூற்றாண்டில் பாரசீகம் சென்றது. 8ஆம் நூற்றாண்டில் இபுனுல் முகஃபாவின் கையால் அரபியில் ‘கலீலா வ திம்னா’ ஆயிற்று. எஞ்சியுள்ள அதன் ஓவியச் சுவடிகளுள் பழையவை 13ஆம் நூற்றாண்டின. மல்லைப் பூனை அவற்றுக்கு ஏறத்தாழ 600 ஆண்டு மூத்தது.

பஞ்சதந்திரப் பூனை, வழக்குத் தீர்க்க வந்த முயலையும் கவுதாரியையும் நோன்பு வேடத்தால் ஏய்த்துத் தின்கிறது. மகாபாரத உத்தியோக பருவத்துப் பூனையோ கங்கைக்கரையில் கைதூக்கி நிற்கிறது. அதனிடம் அடைக்கலம் புகுந்த எலிகளின் தொகை நாளுக்கு நாள் குறைய, அதன் உடல் பருக்கிறது. எலிகள் சூழ்ந்த மல்லைச் சிற்பம் பாரதக் கதைக்கே நெருக்கமானது. இத்தொகுதி அருச்சுனன் தவத்தைக் குறிப்பதா, பகீரதன் தவத்தைக் குறிப்பதா என்னும் வழக்கில், கங்கைக்கரைப் பூனை பின்னதற்குச் சான்றாகக் காட்டப்படுவதுண்டு. ஆயினும் பூனை தீர்த்துவைக்கும் வழக்கு அன்று அது.

கருதத்தக்கது வேறொன்று. பாரதத்தில் இக்கதையைச் சொல்லியனுப்புபவன் துரியோதனன். உலூகன் வாயிலாகக் கேட்பவன் தருமன். பொய்யன் மெய்யனைப் பார்த்துப் ‘பொய்த்தவத்தோன்’ என்கிறான்! கோலத்தைக் கொண்டோ குற்றச்சாட்டைக் கொண்டோ உள்ளத்தை அளந்துவிட முடியாது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

மல்லைச் சிற்பி இதனை நன்குணர்ந்தவன். அதே பாறையின் இடப்புறத்தில், விலா எலும்பு தெரிய மெலிந்த தவசி ஒருவர் ஒற்றைக்காலில் கைகளை உயர்த்தி நிற்கிறார். சிவபெருமான் அருகில் தோன்றுகிறார். தவசியின் கைகளும் பூனையின் கைகளும் ஒரே வகையில் உயர்ந்துள்ளன. பூனை எலியைக் கவ்வும் காட்சியைச் சிற்பி வடிக்கவில்லை. எலிகள் நம்பியிருக்கும் வேளையையே வடித்தான். பின்விளைவைக் காண்போர் அறிவுக்கு விட்டான்.

வள்ளுவரும் ‘தவம்’ என்னும் 27ஆம் அதிகாரத்தை அடுத்தே ‘கூடாவொழுக்கம்’ வைத்தார். ‘உருத்திராட்சப் பூனை’ என்று ஊர்வழக்கும் எள்ளி நகைக்கிறது. மெய்யைப் பாடுவோர் அதன் போலியையும் அருகே நிறுத்திக் காட்டுதல் வேண்டும் என்பதே, சொல்லைக் கருவியாகக் கொண்டோர்க்கு அக்கல் உரைக்கும் பாடம்.