கோட்டும் தெருவும்

இளம் தோழர்களை நோக்கி அடிக்கடி வீசப்படும் கேள்வி ஒன்று உண்டு. "ஏழைகளின் தலைவர் என்கிறீர்கள், அப்புறம் அம்பேத்கர் ஏன் எப்போதும் வெள்ளைக்காரனைப்போல கோட்டும் டையுமாகவே இருந்தார்?" கேட்பவர்களில் பலர் பதில் வேண்டிக் கேட்பதில்லை. ஆனாலும் பதில் இருக்கிறது. அதைத் தேடி லண்டன் தையற்கடைகளுக்குப் போக வேண்டாம், இராமநாதபுரம் வரை போனால் போதும்.

1930 டிசம்பர். இராமநாதபுரம் வட்டாரத்தில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்கள்மேல் எட்டுத் தடைகளை விதித்தார்கள். ஆண்கள் முழங்காலுக்குக் கீழேயும் இடுப்புக்கு மேலேயும் துணி உடுத்தக் கூடாது. கோட்டு, சட்டை, பனியன் எதுவும் போடக் கூடாது. முடியை கிராப் வெட்டிக்கொள்ளக் கூடாது. வெயிலானாலும் மழையானாலும் குடை பிடிக்கக் கூடாது, செருப்பு போடக் கூடாது. பெண்கள் ரவிக்கையோ தாவணியோ அணியக் கூடாது, பூ வைக்கக் கூடாது. பொன்னும் வெள்ளியும் ஆகாது. வீட்டில் மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் இருக்கக் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் எரிக்கப்பட்டன. அடுத்த ஆண்டு ஜூனில் எட்டு பதினொன்றாக வளர்ந்தது. இதையெல்லாம் நாம் கதையாகச் சொல்லவில்லை. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஆணையர் ஹட்டன் தன் அறிக்கையில் வரிசையாகப் பதிந்து வைத்திருக்கிறார்.

எட்டில் எத்தனை தடைகள் உடையைப் பற்றியவை என்று எண்ணிப் பாருங்கள். நிலம் கேட்டதற்கோ கூலி கேட்டதற்கோ மட்டுமல்ல, ஒரு பனியனுக்காகவும் வீடு எரியும் என்றால் அந்தப் பனியன் வெறும் துணியாக இருக்க முடியாது.

இனி அதே டிசம்பரில் லண்டன். நவம்பர் 12 அன்று தொடங்கிய முதல் வட்டமேசை மாநாடு நடந்துகொண்டிருந்தது. ஒடுக்கப்பட்ட வகுப்பாரின் பிரதிநிதிகளாக அங்கே போனவர்கள் இரண்டு பேர். ஒருவர் அம்பேத்கர். இன்னொருவர் நம் ரெட்டமலை சீனிவாசன், எழுபது வயதுக்காரர். பிரிட்டிஷ் பிரதமருக்கும் இந்திய மன்னர்களுக்கும் எதிரே இருவரும் கோட்டு அணிந்து உட்கார்ந்து வாதாடினார்கள். எந்த உடையைப் போட்டால் இராமநாதபுரத்தில் அடி விழுமோ அந்த உடையில்தான் அவர்கள் நம் உரிமையைக் கேட்டார்கள். இந்த இரண்டு காட்சிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்காமல் அம்பேத்கரின் கோட்டைப் பற்றிப் பேசுவதில் அர்த்தமில்லை.

மதுரை பக்கத்தில்தான் இருக்கிறது. 1921 செப்டம்பரில் காந்தி அங்கேதான் முழு உடையைத் துறந்து அரை வேட்டிக்கு மாறினார். அவர் நோக்கத்தை நாம் சந்தேகிக்கவில்லை. ஆனால் துறப்பதற்கு முதலில் உரிமை இருக்க வேண்டும். இடுப்புக்கு மேலே துணி கூடாது என்று அடிவாங்கியவன் எதைத் துறப்பான்?

சீனிவாசனின் இன்னொரு வேலையையும் இங்கே சொல்ல வேண்டும். சென்னை சட்டமன்றத்தில் 1924இல் அவர் கொண்டுவந்த தீர்மானம் உடையைப் பற்றியதல்ல, தெருவைப் பற்றியது. பொதுத் தெரு, சாலை, கிணறு, குளம், அரசு அலுவலகம் எல்லாவற்றிலும் எந்தச் சாதியாரும் புழங்கலாம் என்ற அந்தத் தீர்மானம் நிறைவேறி அரசாணையும் ஆனது. நகர வடிவமைப்பு என்றால் இப்போது கட்டடக்கலைக் கல்லூரியில் சொல்லித்தரும் பாடம் என்று நினைக்கிறோம். நம் ஊர்களின் வடிவமைப்பு அதற்கு வெகுகாலம் முன்பே முடிந்துவிட்டது. ஊர் ஒரு பக்கம், சேரி ஒரு பக்கம், நடுவே வயலோ ஓடையோ. கிணறு இரண்டு, சுடுகாடு இரண்டு. அந்த வரைபடத்தில் ஒருவன் எந்தத் தெருவிலிருந்து வருகிறான் என்று பார்த்தாலே சாதி தெரிந்துவிடும். தூரத்திலிருந்தே தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் உடைக்கும் சட்டம் போட்டார்கள்.

உடை இந்த அடையாளத்தைக் குழப்பிவிடும் என்பதை அம்பேத்கர் சிறுவயதிலேயே கண்டார். 1901 வாக்கில், அப்பாவைப் பார்க்க அண்ணனோடும் அக்கா பிள்ளைகளோடும் மசூர் ரயில் நிலையத்தில் இறங்குகிறார். புதுச்சட்டை, மின்னும் தொப்பி, பட்டுக்கரை வேட்டி, புதுச்செருப்பு. பிராமணப் பிள்ளைகள் என்று எண்ணி நிலைய அதிகாரி பரிவாக விசாரிக்கிறார். மகார் என்று சொன்ன நொடியில் அவர் முகம் மாறிவிட்டது. வண்டிக்காரர்கள் வர மறுத்தார்கள். கடைசியில் இரட்டைக் கூலி பெற்றுக்கொண்டு, வண்டியைப் பிள்ளைகளே ஓட்ட, வண்டிக்காரர் பக்கத்தில் நடந்து வந்தார். அவரே எழுதி வைத்த நிகழ்ச்சி இது.

நகரமும் சும்மா விட்டுவிடவில்லை. அமெரிக்காவிலும் லண்டனிலும் படித்துவிட்டு 1917இல் பரோடாவுக்கு வேலைக்கு வந்தவருக்குத் தங்க இடம் கிடைக்கவில்லை. கனவானைப்போல உடுத்தியிருந்தவரைப் பார்த்த பார்சி விடுதிக் காப்பாளர், பார்சிகள் உள்ளே அணியும் சத்ராவும் கஸ்தியும் இல்லை என்பதைக் கண்டுகொண்டார். பார்சிப் பெயரில் பதிந்து தங்கினார் அம்பேத்கர். பதினோராம் நாள் தடியோடு ஒரு கூட்டம் வந்து வெளியேற்றியது. கோட்டு எவ்வளவு நல்ல கோட்டாக இருந்தாலும், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கும் கண் அங்கேயும் இருந்தது. வாடகை வீடு தேடும்போது "நீங்க சைவமா?" என்று கேட்கப்படும் நம் மாணவர்களுக்கு அந்தக் கண்ணை விளக்கத் தேவையில்லை.

அப்படியும் அவர் கோட்டைக் கழற்றவில்லை, நகரத்தையும் விடவில்லை. கிராமத்தை அவர் எவ்வளவு கடுமையாகச் சாடினார் என்பதை 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் ஆற்றிய உரையில் படிக்கலாம். பம்பாய் பரேலில், தொழிலாளர் குடியிருப்பின் சிறு அறைகளில் ஆண்டுக்கணக்காக வாழ்ந்தவர், 1930களில் தாதரில் ராஜகிருகம் கட்டினார். ஆயிரமாயிரம் புத்தகங்களுக்கு இடம் வேண்டும் என்று பார்த்துப் பார்த்துக் கட்டிய வீடு. அது அமைந்த பகுதியின் பெயர் இந்து காலனி! அந்த வீட்டையும் 2020 ஜூலையில் புகுந்து சேதப்படுத்தினார்கள்.

இன்று நம் சேரிகளின் முகப்பில், நாற்சந்தியில், கோட்டும் டையும் மூக்குக்கண்ணாடியுமாக, கையில் புத்தகத்தோடு அவர் நிற்கிறார். பெரும்பாலும் ஊர்மக்கள் காசு போட்டு வைத்த சிலைகள். யாரும் வரைந்து கொடுக்காத நகர வடிவமைப்பு இது. சேரி தொடங்கும் இடத்தை ஒதுக்கிவைத்த எல்லை என்று காட்டிய பழைய வரைபடத்தின்மேல், அதே இடத்தில், நம் ஆட்கள் முழு உடையில் ஒரு மனிதரை நிறுத்தியிருக்கிறார்கள். 2019 ஆகஸ்டில் வேதாரண்யத்தில் அப்படி நின்ற ஒரு சிலையைப் பட்டப்பகலில் உடைத்தார்கள். ஒரு நாளுக்குள் அரசே புதிய சிலை வைத்தது. தமிழ்நாட்டில் இன்னும் எத்தனையோ ஊர்களில் அவர் இரும்புக் கூண்டுக்குள்தான் நிற்கிறார். பிறந்தநாளன்று மாலை போட, பூட்டைத் திறந்துதான் உள்ளே போகிறோம்.