பல கலமும் இரு குவளையும்

கருத்தரங்கிற்குச் செல்லும் ஆசிரியருக்குக் கட்டுரை படிக்கக் கிடைப்பவை பதினைந்து மணித்துளிகள். எஞ்சிய பொழுது ஊருக்கும் வயிற்றுக்கும் உரியது. தருமபுரியிலிருந்து அவ்வாறு சென்னைக்குச் செல்லும்போதெல்லாம் திருவல்லிக்கேணியில் தங்குவது என் வழக்கம். சேப்பாக்கத்துக்கு நடந்தே சென்றுவிடலாம். வேலை தேடி வந்த பல தலைமுறை இளைஞர்களைத் தாங்கிய மேன்ஷன்களும் அவர்களுக்குச் சோறிட்ட மெஸ்களும் நிறைந்த பகுதி அது. அண்மையில் மூன்று நாள் கருத்தரங்கு ஒன்றிற்காகச் சென்றிருந்தபோது வேளைக்கோர் உணவகம் என்று முறை வைத்துக்கொண்டு உண்டேன். அவ்விடங்களின் வரலாற்றைத் தொடர்ந்து செல்கையில் எழுந்த எண்ணங்களே இக்கட்டுரை. சுவைக் குறிப்புகளை எதிர்பார்க்கும் நண்பர்கள் பொறுத்தருள்க. ஈண்டு நான் பேச விழைவது உண்கலத்தைப் பற்றி.

எங்கள் மாவட்டம் பழைய தகடூர் நாடு. அதியமான் நெடுமான் அஞ்சி ஆண்ட நிலம். அவன் இறந்தபின் ஔவையார் பாடிய கையறுநிலைப் பாட்டு (புறம். 235) அவனுடைய வெற்றிகளை அடுக்கவில்லை; அவனோடு உண்டதையும் குடித்ததையும் நினைத்து அழுகிறது. சோறு சிறிதாயினும் அவன் பல கலங்களில் பகிர்ந்து உண்டான், பெரிதாயினும் பல கலங்களில் பகிர்ந்து உண்டான் என்பது அப்பாட்டு தரும் செய்திகளுள் ஒன்று. சோற்றின் அளவு மாறலாம், கலங்களின் எண்ணிக்கை குறையாது என்பதே அதன் உட்கிடை. வேந்தனுக்குத் தனிக்கலம், பாணனுக்கு வேறிடம் என்ற பேச்சே அங்கில்லை.

மணிமேகலைக் காப்பியத்தில் கலம் மேலும் ஒருபடி உயர்கிறது. அமுதசுரபியை முதலில் பெற்றவன் ஆபுத்திரன். வேள்விக்குக் கட்டப்பட்ட பசுவை விடுவித்ததற்காகவும், பிறப்புப் பற்றிய பழிக்காகவும் ஊராரால் விலக்கப்பட்டவன். அவன் மதுரைக்கு வந்து, சிந்தாதேவி கோயிலின் அம்பலத்தில் தங்கி, தான் இரந்து பெற்றதைக் கண்ணிழந்தோர்க்கும் காலிழந்தோர்க்கும் பிணியுற்றோர்க்கும் ஊட்டினான். அதன் பின்னரே அள்ளக் குறையாப் பாத்திரம் அவன் கைக்கு வந்தது. பந்தியிலிருந்து விலக்கப்பட்டவன் கையில் உலகுக்கே சோறிடும் கலத்தைக் கொடுத்தார் சாத்தனார்.

இவை ஈகையின் வரலாறு. காசு கொடுத்து உண்ணும் உணவகத்தின் வரலாறு வேறு. நாம் இன்று அறியும் ஓட்டல் புகைவண்டியோடும் அலுவலகத்தோடும் வளர்ந்தது. ஊர்விட்டு ஊர் வந்த ஆண்கள் அயலார் சமைத்ததை அயலாரோடு அமர்ந்து உண்ண வேண்டிய நிலை அப்போது எழுந்தது. யார் சமைத்ததை யார் உண்ணலாம், யாரோடு யார் அமரலாம் என்று வகுத்து வைத்திருந்த சமூகத்துக்கு இது பெரும் சிக்கல். பிராமணர் சமைத்தால் எல்லாச் சாதியாரும் உண்பர். ஆகவே பெயர்ப்பலகையில் ‘பிராமணாள்’ என்று எழுதுவது வணிகத்துக்கு உதவியது. சமையல் சிக்கல் இவ்வாறு தீர்ந்தது. அமர்தல் சிக்கல் தீரவில்லை. உள்ளே ஓரறை பிராமணருக்கு, வெளியே பெஞ்சுகள் ஏனையோருக்கு என்று இடம் பிரிந்தது. ஒடுக்கப்பட்டோருக்குப் பல இடங்களில் வாசற்படியே எல்லை. காசு எல்லோரிடமும் ஒன்றாகவே வாங்கப்பட்டது. காப்பியும் ஓட்டலும் தமிழ் வாழ்வில் நுழைந்த கதையை அறிய விரும்புவோர் ஆ.இரா. வேங்கடாசலபதியின் ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ என்ற நூலைப் படிக்கலாம்.

புகைவண்டி நிலையச் சிற்றுண்டிச் சாலைகளிலும் இப்பிரிவினை இருந்தது. ஒரே பெட்டியில் தோளோடு தோள் உரசி வந்தவர்கள் இறங்கியதும் இரு தட்டிகளுக்கு அப்பால் பிரிந்து சென்று உண்டனர். நீதிக்கட்சியாரும் பெரியாரும் இடைவிடாது எதிர்த்ததன் பின் 1941இல் அவ்வேற்பாடு நீக்கப்பட்டது. 1950 சனவரி 26இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்பின் 15ஆம் உறுப்பு, சாதி முதலியவற்றைக் காட்டிக் கடைகளுக்கும் உணவகங்களுக்கும் விடுதிகளுக்கும் நுழைவதைத் தடுக்கலாகாது என்றது. உணவகம் என்ற சொல் ஒரு நாட்டின் அடிப்படை உரிமைப் பட்டியலில் இடம்பெற வேண்டியிருந்தது என்பதே நம் வரலாற்றைச் சொல்லிவிடும். தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் 1955இல் வந்தது.

சட்டம் வந்தபின்னும் பலகை போகவில்லை. 1957இல் திருவல்லிக்கேணி முரளி கபே முன்பு திராவிடர் கழகத்தார் மறியல் தொடங்கினர். பெயர்ப்பலகையிலிருந்து ‘பிராமணாள்’ என்ற சொல்லை நீக்க வேண்டும் என்பதே கோரிக்கை. நாள்தோறும் தொண்டர்கள் வந்து நின்றனர், கைதாயினர். மறுநாள் வேறு சிலர் வந்தனர். மாதக்கணக்கில் நீடித்த அப்போராட்டத்தின் முடிவில் 1958இல் அச்சொல் அகற்றப்பட்டது. ஒரு சொல்லுக்காகவா இவ்வளவு என்று இன்றும் சிலர் கேட்பதுண்டு. அமெரிக்காவின் கிரீன்ஸ்பரோ நகரில் 1960 பிப்ரவரி 1ஆம் நாள் கறுப்பின மாணவர் நால்வர் ஊல்வொர்த் கடையில் வெள்ளையருக்கான உணவு மேசையில் அமர்ந்து காப்பி கேட்டனர். அதே கடையில் பற்பசை வாங்க அவர்களுக்குத் தடையில்லை. அமர்ந்து பருகத்தான் தடை. அங்கும் ஒரு கோப்பைக் காப்பிக்காகவா என்று கேட்டிருப்பார்கள். இரு இடங்களிலும் கேட்கப்பட்டது காப்பியன்று, இருக்கை.

இவ்வரலாற்றை அறிந்தபின் திருவல்லிக்கேணி நெடுஞ்சாலையில் நடப்பது வேறுவகை நடை. 1948இல் தொடங்கிய ரத்னா கபேயில் இட்லியைச் சாம்பாரில் மூழ்கடித்துத் தருகிறார்கள். எதிரே இருப்பவர் எவ்வூர், என்ன குலம் என்று எவரும் வினவுவதில்லை. சாம்பாரை இன்னும் ஊற்றட்டுமா என்பதே வினா. அண்ணா சாலையில் 1951இல் எழுந்த புகாரி ஓட்டலில் பிரியாணி உண்டபோது, காயல்பட்டினத்து முசுலிம் நண்பர் ஒருவர் தம் ஊரில் ஒரே ‘சஹன்’ தட்டைச் சுற்றி அமர்ந்து பலர் உண்பதைப் பற்றிச் சொன்னது நினைவில் எழுந்தது. அதியமானுடையது பல கலத்துப் பகிர்வு, இஃது ஒரு கலத்துப் பகிர்வு. எங்கள் ஊர்க் கேழ்வரகை நான் எந்த ஓட்டலிலும் காணவில்லை. தெருமுனைத் தள்ளுவண்டியில் கண்டேன். மோர்மிளகாய் கடித்துக்கொண்டு ஆட்டோ ஓட்டுநர்களும் சுமைதூக்குவோரும் சொம்பில் கூழ் குடித்தனர். ஒருவர் குடித்த சொம்பைக் கழுவி அடுத்தவரிடம் கொடுத்தார் வண்டிக்கார அம்மா.

பெருநகரின் பெருமை என்று நான் கருதுவது இதையே. அறியாதவர் அருகில் அமர்ந்து அச்சமின்றி உண்ண முடிகிறது. நகரத்தில் சாதி இல்லை என்று சொல்ல வரவில்லை. வாடகைக்கு வீடு தேடியவர்களுக்கு அது தெரியும். ஆயினும் உணவு மேசையளவில் ஒரு நூற்றாண்டுப் போராட்டம் கனிந்திருக்கிறது.

இங்கே நிறுத்திக்கொண்டால் கட்டுரை இனிதே முடியும். ஆனால் நான் தகடூர்க்காரன். தமிழகத்துச் சிற்றூர்களில் நெடுங்காலம் நிலவிய இரட்டைக் குவளை முறையை அறியாதவர் இரார். ஒடுக்கப்பட்டோருக்கான குவளை தேநீர்க்கடையின் கூரையில் செருகப்பட்டிருக்கும். எடுத்துப் பருகி, தாமே கழுவி, மீண்டும் செருகிச் செல்ல வேண்டும். பெரும்பாலும் மறைந்துவிட்டது என்று நாம் வகுப்பறைகளில் சொல்லிவந்தோம். 2024 பிப்ரவரியில் எங்கள் மாவட்டத்து மொரப்பூர் அருகே, வயல்வேலைக்கு வந்த பட்டியலினப் பெண்களுக்குக் கொட்டாங்கச்சியில் தேநீர் ஊற்றப்பட்ட காட்சி வெளியானது; இரு பெண்கள் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ்க் கைதாயினர். கடையில் தடுக்கப்பட்ட வழக்கம் வயலில் உயிரோடிருந்தது. பருகியபின் தூக்கி எறிந்துவிடக்கூடியது என்பதற்காகத்தான் அக்கலம் தேர்ந்தெடுக்கப்படுகிறது. கழுவி மீண்டும் பிறருக்குக் கொடுக்க வேண்டிய கட்டாயம் அதில் இல்லை.

அதியமான் பெயரால் எங்களூரில் கோட்டமும் உண்டு, அதியமான்கோட்டை என்ற ஊரும் உண்டு. ஔவைக்கு அவன் நெல்லிக்கனி ஈந்த கதையை ஒவ்வோராண்டும் மாணவருக்குச் சொல்கிறோம். கனி கொடுத்தது ஒருநாள் நிகழ்ச்சி. கலம் பகிர்ந்தது அவன் நாள்தோறும் வாழ்ந்த வாழ்க்கை. ஔவையார் அழுதது பின்னதற்காக. புறநானூற்று 235ஆம் பாட்டை நடத்தும் ஆசிரியர்கள், கலம் என்ற சொல்லுக்கு ‘உண்ணும் பாத்திரம்’ என்று பொருளெழுதிப் போட்டுவிட்டு அடுத்த அடிக்குச் செல்லாமல், கூரையில் செருகிய குவளையையும் கொட்டாங்கச்சியையும் அவ்விடத்தில் பேச வேண்டும். கேட்டுக்கொண்டிருக்கும் மாணவர்களுள் சிலருடைய தாய்மார் அவற்றில் பருகியவர்கள். சிலருடைய தாய்மார் அவற்றில் ஊற்றியவர்கள். இருவரும் ஒரே பெஞ்சில் அமர்ந்திருக்கிறார்கள்.