படத்தில் நின்ற வேடர்

நான் ஐந்தாம் ஆண்டு படித்த காலத்தில் எமது வகுப்பறைச் சுவரில் ஒரு படம் தொங்கியது. தோளில் கோடரி, கையில் வில், இடுப்பில் ஒரு துண்டு, நெஞ்சு வரை தாடி. கீழே 'வேடர்' என்று மட்டும் எழுதியிருந்தது. பெயரில்லை, ஊரில்லை. பக்கத்துப் படங்களில் யானையும் மயிலும் நின்றன. அந்த ஒழுங்கிலேயே நாங்களும் மனதில் அடுக்கிக்கொண்டோம். இடைக்கிடை எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்து, தேனைக் கொடுத்துவிட்டு உப்பும் புடைவையும் வாங்கிச் செல்லும் மனிதரும் வேடர்தான் என்பதை மூத்தவாப்பா சொல்லித்தான் அறிந்தேன். அவர் சாரனும் சேட்டும் உடுத்திருந்தார். எங்களைப்போலத் தமிழ் பேசினார். படத்தோடு அவரைப் பொருத்திப் பார்க்க என்னால் முடியவில்லை.

வேடர் என்றதும் தம்பானையைத்தான் எல்லோரும் நினைக்கிறார்கள். வாகரையிலிருந்து வெருகல், ஈச்சிலம்பற்று, மூதூர்ப் பக்கம் வரை தமிழ் பேசும் கரையோர வேடர் வாழ்கிறார்கள். சேனைப் பயிர், களப்பு மீன்பிடி, தேனெடுத்தல், கூலிவேலை என்று அவர்களுடைய சீவியம் போகிறது. யுத்தகாலத்தில் அந்தப் பகுதிகள் பட்ட பாட்டை இவர்களும் சேர்ந்தே பட்டார்கள். ஆயினும் இவர்களைப் பற்றி எனது கலாசாலைக் குறிப்புகளில் ஒரு வரிகூட இருக்கவில்லை.

எழுத்தில் இருப்பதை நாம் எப்படி வாசித்தோம் என்பதும் கேள்விதான். கண்டி இராச்சியத்தில் சிறையிருந்த றொபேட் நொக்ஸ் 1681இல் வெளியிட்ட நூலில் வேடரின் ஒரு வழக்கத்தைச் சொல்கிறார். இரவில் இறைச்சியைக் கொண்டுவந்து கொல்லனின் பட்டறையில் தொங்கவிடுவார்களாம். தமக்கு வேண்டிய அம்பு முனையின் வடிவில் வெட்டிய இலையையும் பக்கத்தில் வைப்பார்களாம். இதைக் கூச்சமுள்ள காட்டு மனிதரின் விசித்திரமாக எனக்குப் படிப்பித்தார்கள், நானும் அப்படியே படிப்பித்தேன். நொக்ஸ் அதோடு நிறுத்தவில்லை. அளவுப்படி செய்து கொடுத்தால் மேலும் இறைச்சி வரும், செய்யாவிட்டால் ஓர் இரவில் அம்பு வரும் என்கிறார். இது முற்பணம் கொடுத்து, மாதிரி காட்டி, தவறினால் தண்டமும் வைத்துச் செய்த வியாபாரம். தலைமுறையாக வியாபாரம் செய்த எங்கள் ஊருக்கே இது விளங்காமற் போனதுதான் வேடிக்கை.

1911இல் செலிக்மன் தம்பதியர் வேடரைப் பற்றிய பெரும் நூலை வெளியிட்டனர். கலப்பில்லாத வேடரைத் தேடி அலைந்தவர்கள் அவர்கள். கரையோர வேடருக்கும் ஓர் அதிகாரம் ஒதுக்கினர். கடல்வழி வந்த ஆவிகளைக் 'கப்பல்பேய்' என இவர்கள் அழைத்ததை அதில்தான் பார்த்தேன். குடிசன மதிப்பீடோ வேறொரு கதை சொல்கிறது. 1946இல் வேடர் 2,361 பேர், 1953இல் 803 பேர். ஏழு வருடத்தில் மிகுதிப்பேர் செத்துப்போகவில்லை. பெரும்பாலும் சிங்களவராகவும் தமிழராகவும் பதிவாகிவிட்டார்கள். 1983இல் மாதுறு ஓயா தேசிய பூங்கா பிரகடனமானதும் தம்பானைப் பக்கத்து வேடர் வேட்டையாடிய, தேனெடுத்த காடே தடைசெய்யப்பட்ட காடாயிற்று. பல குடும்பங்கள் மகாவலிக் குடியேற்றத்துக்குப் போக, ஊருவரிகே திசாஹாமி தம்பானையை விட்டு அசைய மறுத்தார். 1998இல் அவர் காலமான பின் தலைமைக்கு வந்த மகன் வன்னில அத்தோ, பொல்லேபெத்த, றம்பகன் ஓயாப் பக்கத்தில் சோளச் செய்கைக்காகக் காடு வெட்டப்படுவதை எதிர்த்து 2020இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் சென்றார். நீதிமன்றப் படியேறும் வேடரின் படத்தை எந்த வகுப்பறைச் சுவரிலும் நான் கண்டதில்லை.

இனி எனது தவறைச் சொல்ல வேண்டும். யுத்தம் முடிந்த மறுவருடம் வாகரைக்கும் வெருகலுக்கும் இடையில் ஒரு பாடசாலையில் படிப்பித்தேன். ஏழாந்தரத்தில் வேடர் குடியிருப்பிலிருந்து வரும் ஒரு பையன் இருந்தான். அவர்களுடைய சடங்கொன்றைப் பார்க்கப் போனபோது, தெய்வம் ஆடியவர் பாடிய சில சொற்களை என் கொப்பியில் எழுதிக்கொண்டேன். தமிழும் அல்லாத, சிங்களமும் அல்லாத சொற்கள். பெரிய கண்டுபிடிப்புச் செய்த எண்ணத்தில் அடுத்த நாள் வகுப்பில் அவற்றை உரத்து வாசித்தேன். பிள்ளைகள் சிரித்தார்கள். "பேய்ப் பாசை சேர்" என்றான் ஒருவன். அந்தப் பையன் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். மறுநாள் வரவில்லை, அதற்கு மறுநாளும் வரவில்லை.

அவனுடைய பெரியப்பாவைத் தேடிப் போனேன். ஏசுவார் என்று நினைத்தேன். "ஆரைக் கேட்டு எழுதினீங்க மாஸ்டர்?" என்று மட்டும் கேட்டார். நான் ஒருவரையும் கேட்கவில்லை. எமது சமூகத்தைப் பற்றி அரைகுறையாக எழுதிய பாடநூல்களைக் கண்டு எத்தனை கூட்டங்களில் நாம் கொதித்திருக்கிறோம்! அதே காரியத்தை நான் இன்னொருவர் வாசலில் செய்துவிட்டு நின்றேன். அவர்களுடைய வணக்கம் என்னுடையதல்ல. அதனாலேயே அதை வாயிலெடுக்கும்போது எனக்குக் கூடுதல் கவனம் இருந்திருக்க வேண்டும்.

கொப்பியின் அந்தத் தாளைக் கிழித்து அவரிடம் கொடுத்தேன். மடித்துக் கூரைக் கிடுகுக்குள் செருகினார். வகுப்புக்கு வந்து பேசச் சம்மதமா என்று கேட்டேன். தேனைப் பற்றிப் பேசலாம் என்றார்.

வந்தார். பையனும் அன்று வந்திருந்தான். விஞ்ஞானப் பாடத்தில் எங்களுக்கு ஒரேயொரு தேனீதான். அவர் மலைத்தேன், பொந்துத்தேன், கொம்புத்தேன், கொசுத்தேன் என்று நாலு சொன்னார். ஒவ்வொன்றும் எங்கே கட்டும், எதற்குப் புகை வேண்டும், எதற்கு வேண்டாம், எந்த மரம் பூத்தால் எந்தத் தேன் கைக்கும், அடையில் எவ்வளவை விட்டுவைக்க வேண்டும் என்றெல்லாம் ஒரு மணித்தியாலம் பேசினார். பேய்ப் பாசை என்றவன்தான் அதிகம் கேள்வி கேட்டான். கடைசியில் அவன், "அந்தப் பாட்டைப் பாடுங்களன்" என்றான். எனக்கு நெஞ்சு திக்கென்றது. "அது இஞ்ச பாடுற பாட்டில்ல மனே" என்றார், கோபமில்லாமல். வகுப்பு அதை ஏற்றுக்கொண்டது.

போகும்போது, "இதெல்லாம் சோதினைக்கு வருமா மாஸ்டர்?" என்று கேட்டார். வராது என்றேன். "அப்ப என்னத்துக்கு இந்தப் புள்ளையள் எழுதுதுகள்?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. சைக்கிள் கரியரில் அவரை ஏற்றிக்கொண்டு சந்தி வரை போய் விட்டுவிட்டு வந்தேன்.