88-ஆம் எண் நீதிபதி

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் கேன்டன் என்றோர் ஊர். இரும்பு ஆலைகளை நம்பிப் பிழைத்த ஊர். தொழில்முறைக் கால்பந்து வீரர்களுக்கான புகழ்க்கூடம் 1963-இல் அங்கேதான் திறக்கப்பட்டது. அந்தக் கட்டட வேலையில் கூலியாட்களோடு சேர்ந்து உழைத்தவர்களில் ஓர் உள்ளூர்ப் பையனும் உண்டு. பெயர் ஆலன் பேஜ். 1945-இல் பிறந்தவர். ஆலை வேலைக்குப் போகக்கூடாது என்பதில் மட்டும் சிறு வயதிலேயே தெளிவாக இருந்தார். தொலைக்காட்சியில் பெர்ரி மேசன் என்ற வக்கீல் தொடரைப் பார்த்துவிட்டு, ஆனால் வக்கீல்தான் ஆவேன் என்று முடிவு கட்டியிருந்தார்.

அதற்கு முன்னால் கால்பந்து வந்து இழுத்துக்கொண்டது.

அமெரிக்கர்களின் கால்பந்து நாம் ஆடுகிற ஆட்டம் அல்ல. தலைக்கவசமும் தோள்கவசமும் மாட்டிக்கொண்டு, முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவார்கள். பேஜ் ஆடியது தற்காப்பு வரிசையில், டிஃபென்சிவ் டாக்கிள் என்ற இடத்தில். கையைத் தரையில் ஊன்றிக் குனிந்து நிற்க வேண்டும். பந்து அசைந்த மறுநொடி, எதிரே நிற்கும் மலை மாதிரி ஆளைத் தாண்டிப்போய்ப் பந்து வைத்திருப்பவரை அமுக்க வேண்டும். இந்த இடத்துக்குப் பெருத்த உடம்புக்காரர்களைத்தான் பொறுக்குவார்கள். பேஜ் நம்பியதோ வேகத்தை. அந்த வேலையின் தழும்பு இன்றும் அவர் கையில் இருக்கிறது. திரும்பத் திரும்ப மூட்டு விலகியதில் ஒரு சுண்டுவிரல் மற்ற விரல்களை விட்டு வெளிப்பக்கமாகக் கோணி நிற்கும். பள்ளிக்கூடங்களுக்குப் போனால் பிள்ளைகள் முதலில் கேட்பது அதைப் பற்றித்தானாம். 2013-இல் மகளோடு சேர்ந்து அந்த விரலைப் பற்றியே ஒரு குழந்தைகள் புத்தகம் எழுதிவிட்டார்.

நோட்ரடாம் பல்கலைக்கழக அணி 1966-இல் தேசியப் பட்டம் வென்றபோது அதில் இருந்தவரை, மறு ஆண்டே தொழில்முறை லீகில் ஆடும் மின்னசோட்டா வைகிங்ஸ் அணி எடுத்துக்கொண்டது. ஜெர்சி எண் 88. ஜிம் மார்ஷல், கார்ல் எல்லர், கேரி லார்சன், பேஜ் என்ற நால்வர் வரிசைக்கு ரசிகர்கள் ‘பர்ப்பிள் பீப்பிள் ஈட்டர்ஸ்’ என்று பெயர் வைத்தார்கள். ஊதாச் சட்டை போட்ட ஆள்தின்னிகள்! 1971-இல் டெட்ராய்ட் அணியோடு ஓர் ஆட்டம். நடுவர்கள் அடுத்தடுத்து இரண்டு முறை பேஜ் மீது தண்டனை விதித்தார்கள். மனிதர் கொதித்துப்போனார். அதற்குப் பிறகு எதிரணியின் பின்வரிசைக்குள் புகுந்து புகுந்து வந்தவர்களையெல்லாம் சாய்த்த காட்சிகள் இன்றும் பேசப்படுகின்றன. அந்த ஆண்டின் மிக மதிப்புமிக்க வீரர் விருது அவருக்கே போனது. அதுவரை தற்காப்பு ஆட்டக்காரர் எவரும் அதை வாங்கியதில்லை. பிறகும் 1986-இல் லாரன்ஸ் டெய்லர் ஒருவர்தான். வைகிங்ஸ் நான்கு முறை சூப்பர் பௌல் என்ற இறுதி ஆட்டத்துக்குப் போய் நான்கிலும் தோற்றதையும் சொல்லிவிட வேண்டும்.

எழுபதுகளில் பேஜ் ஆடிக்கொண்டே மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தார். வீரர்கள் சங்கத்திலும் முன்னணியில் நின்றார். நிர்வாகங்களுக்கு இது ரசிக்குமா? போதாக்குறைக்கு ஓட்டப் பயிற்சி வேறு. மனைவி டயான் புகைப்பழக்கத்தை விடுவதற்காக ஓடத் தொடங்க, இவரும் சேர்ந்துகொண்டார். நாளடைவில் உடல் எடை 100 கிலோவை ஒட்டி இறங்கிவிட்டது. அந்த இடத்துக்கு இந்த உடம்பு போதாது என்றது அணி. 1978-இல் சட்டப் பட்டம் கைக்கு வந்தது. அதே ஆண்டு சீசனின் நடுவிலேயே வைகிங்ஸ் அவரைக் கழற்றிவிட்டது. சிகாகோ பேர்ஸ் அணி வெறும் 100 டாலர் கட்டணத்தில் அவரை அள்ளிக்கொண்டு போனது. மறு ஆண்டு மாரத்தான் ஓடி முடித்தார். லீகில் ஆடிக்கொண்டிருக்கும்போதே அதைச் செய்த முதல் வீரர் அவர். 1981-இல் ஓய்வு பெறும் வரை 15 சீசன்களில் தொடர்ச்சியாக 218 ஆட்டங்கள். ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை.

என்னைக் கேட்டால், அவருடைய பெரிய ஆட்டம் 1992-இல், மைதானத்துக்கு வெளியே நடந்ததுதான். மின்னசோட்டாவில் மாநில உச்ச நீதிமன்ற நீதிபதிகளை மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது சட்டம். நடைமுறை வேறு. நீதிபதி பதவிக் காலத்தின் நடுவில் விலகுவார், கவர்னர் தனக்குப் பிடித்தவரை நியமிப்பார், வாக்காளருக்கு வேலையே இருக்காது. அந்த ஆண்டு லாரன்ஸ் யெட்கா என்ற நீதிபதியின் இடம் தேர்தலுக்கு வரவேண்டியது. ஓய்வூதியத்தைக் காரணம் காட்டி கவர்னர் ஆர்னி கார்ல்சன் அவருடைய காலத்தை நீட்டித்தார். அரசு வழக்கறிஞர் அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்த பேஜ், கவர்னர் மீதே வழக்குப் போட்டார். வழக்கு போய்ச் சேர்ந்த இடமோ, அவர் நுழைய விரும்பிய அதே உச்ச நீதிமன்றம். நீதிபதிகள் ஒதுங்கிக்கொள்ள, மாற்று நீதிபதிகள் விசாரித்தார்கள். நீட்டிப்பு நிற்கவில்லை, தேர்தல் நடந்தது, பேஜ் ஜெயித்தார். 1993 ஜனவரியில் அந்த நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதியாக, கழுத்தில் போ டையோடு பதவியேற்றார். மேலும் மூன்று தேர்தல்களில் வென்று, 70 வயதில் சட்டப்படி விலக வேண்டிய 2015 வரை இருந்தார்.

1988-இல் புகழ்க்கூடத்தில் அவருக்கு வெண்கலச் சிலை வைத்தபோது ஒரு விஷயம் செய்தார். பயிற்சியாளரையோ பழைய சகாவையோ கூப்பிட்டுத் தன்னை அறிமுகம் செய்துவைக்கச் சொல்வது வழக்கம். பேஜ் அழைத்தது மின்னசோட்டாவின் மினியாபொலிஸ் நகரப் பள்ளியொன்றின் தலைமையாசிரியை வில்லரீன் பீஸ்லியை. மேடையில் பேசியது படிப்பைப் பற்றி. கல்லூரி வரை போய்வந்தும், அணியின் ஆட்டக் குறிப்பேட்டை வாய்விட்டு வாசிக்கத் திணறிய சக வீரர்களைப் பற்றி. அதே ஆண்டு மனைவியோடு தொடங்கிய பேஜ் கல்வி அறக்கட்டளை, உதவித்தொகை வாங்கும் கல்லூரி மாணவர்களுக்கு ஒரு நிபந்தனை போடுகிறது. சின்னப் பிள்ளைகளுக்குப் பாடத்தில் துணைநிற்க வேண்டும்.

2018-இல் டயான் காலமான சில வாரங்களில் அதிபர் டிரம்ப் கையால் சுதந்திரப் பதக்கம் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டே மினியாபொலிஸ் நடுநிலைப் பள்ளி ஒன்று அவர் பெயருக்கு மாறியிருந்தது. அதுவரை அப்பள்ளிக்கு, டகோட்டா பழங்குடிகளை அழிக்க வேண்டும் என்று முழங்கிய அலெக்சாண்டர் ராம்சே என்ற பழைய கவர்னரின் பெயர். மாற்றச் சொல்லி மல்லுக்கு நின்றது மாணவர்கள்.

ஓய்வுக்குப் பிறகும் பேஜ் சும்மா இருக்கவில்லை. ஊரில் மாரத்தான் நடந்தால், கடந்து போகிறவர்களுக்கு உற்சாகமூட்ட வீதியோரத்தில் நின்று பெரிய பித்தளைக் குழலை ஊதுவார். மினியாபொலிஸ் ஃபெடரல் ரிசர்வ் வங்கியின் தலைவரும் காஷ்மீரி வம்சாவளியினருமான நீல் காஷ்காரியோடு சேர்ந்து, தரமான பொதுக் கல்வியை ஒவ்வொரு குழந்தையின் உரிமையாக மாநில அரசியலமைப்பிலேயே எழுதிவிட வேண்டும் என்று 2020-இல் ஒரு திருத்தத்தை முன்வைத்தார். இந்தத் திருத்தத்தைப் பலமாக எதிர்த்தவர்களில் மாநில ஆசிரியர் சங்கமும் உண்டு.